சித்தம்பூண்டிக் கல்லும் நிலவின் மண்ணும்

புதுக்கோட்டை மாவட்டத்தைக் கல்லின் நாடு என்றால் மிகையாகாது. நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் என எத்திசை நோக்கினும் பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. அவற்றுள் நம்மவர் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது சித்தன்னவாசல். அறிவர் கோயிலின் ஓவியங்களைக் காணச் செல்வோருள் பலர் மலையின் மறுபுறம் உள்ள ஏழடிப்பட்டத்துக்கும் ஏறிச் செல்கின்றனர். அங்கே துறவியர் வதிந்த இயற்கைக் குகையில் பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றன் அருகே, கி.மு. முதல் நூற்றாண்டளவில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு இருக்கின்றது. யாருக்காக அந்த இருக்கை அமைக்கப்பட்டது, அவர் எவ்வூரில் பிறந்தவர், அதனைச் செய்தவர் யார் என்ற மூன்றையும் அது பதிவு செய்கின்றது. பெற்றவர் பெயரோடு செய்தவர் பெயரையும் கல்லில் நிறுத்திய அப்பழக்கம் இக்கட்டுரையின் பிற்பகுதியிலும் நினைவுகூரத்தக்கது.

இத்துணைக் கல் நிறைந்த மாவட்டத்தில் நிலவுக்கு ஒத்த கல் இல்லை என்பது வியப்பாகத் தோன்றலாம். காரணம் எளிது. புதுக்கோட்டைக் குன்றுகள் பெரும்பாலும் கருங்கல் இனத்தைச் சேர்ந்தவை. குவார்ட்ஸ் என்னும் படிகம் அவற்றில் மிகுதி. அத்தகைய பாறை பெருமளவில் உருவாக நிலத்தடியில் நீர் கலந்த பாறைக்குழம்பு வேண்டும். நீர் வறண்ட நிலவில் கருங்கல் மிக அரிது. நிலவின் வெண்மையாக ஒளிரும் மேட்டு நிலங்கள் அனார்த்தோசைட் என்னும் வேறொரு பாறையால் ஆனவை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஒருவகை ஃபெல்ட்ஸ்பார் கனிமமே அதன் பெரும்பகுதி. அந்தப் பாறை தமிழ்நாட்டிலேயே, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கின்றது. சித்தன்னவாசல், சித்தம்பூண்டி, மேல்சித்தாமூர் என்ற பெயர்களின் ஒலியொற்றுமையில் வரலாறு தேட வேண்டா. செவிக்கு இனிதாக இருப்பதே போதும்.

சித்தம்பூண்டிப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானது. நிலவியலாளர் இதனை நெடுங்காலமாக அறிவர். ஏ. பி. சுப்பிரமணியம் எழுதிய விரிவான ஆய்வு 1956ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நிலவியல் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அப்போது மனிதன் நிலவில் காலடி வைக்கவில்லை. நிலவின் மேடுகள் எத்தகைய கல்லால் ஆனவை என்றும் ஒருவரும் அறியார். 1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் இருந்த வெண்துணுக்குகளைப் பார்த்த பின்னரே, பிறந்த காலத்தில் நிலவு முழுவதும் பாறைக்குழம்புக் கடலாக இருந்திருக்கலாம் என்றும், அதன்மேல் எடை குறைந்த ஃபெல்ட்ஸ்பார் மிதந்து ஓடாக உறைந்தது என்றும் கருத்து எழுந்தது. பயன் எதுவும் கருதாமல் ஒருவர் செய்த பல்கலைக்கழகத்தரமான ஆய்வு அரை நூற்றாண்டு கடந்து ஒரு நாட்டின் விண்வெளித் திட்டத்துக்குக் கைகொடுக்கும் என்பதை அன்று யார் எண்ணியிருப்பார்?

இந்திய விண்வெளி முயற்சியின் தொடக்கத்திலேயே கல்வியும் தொழிலும் கைகோத்திருந்தன. விக்ரம் சாராபாய் 1919இல் அகமதாபாத்தின் சமண ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் அண்டக் கதிர்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்று, 1947 நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அதற்குத் தனிக் கட்டடம் அப்போது இல்லை, ம. கா. அறிவியல் கல்லூரியின் சில அறைகளே ஆய்வுக்கூடம். சாராபாய் குடும்பத்தின் அறக்கட்டளையும் அகமதாபாத் கல்விச் சங்கமும் அதற்குத் துணை நின்றன. அக்கல்விச் சங்கத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் கஸ்தூர்பாய் லால்பாய். ராணக்பூர், தில்வாரா ஆலயங்களின் திருப்பணியால் சமண உலகம் நன்கறிந்த ஆலை அதிபர் அவர். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். இராமநாதன் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். துணி ஆலைகளின் செல்வம், ஒரு கல்லூரியின் அறைகள், வானிலை அறிந்த ஓர் அறிஞர் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்திலிருந்துதான் 1963 நவம்பர் 21 அன்று தும்பாவில் ஏவப்பட்ட முதல் ராக்கெட்டுக்கு வழி பிறந்தது. 1969இல் இஸ்ரோ உருவாயிற்று. சாராபாய் 1971 டிசம்பர் 30 அன்று மறைந்தார்.

தமிழகத்திலும் இதற்கு இணையான ஒன்று நிகழ்ந்தது. தொழிலதிபர் சி. ராஜம் தம் மாளிகையை விற்று 1949இல் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கினார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் கற்றது அங்கேதான். பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த அந்த வளாகத்தில் உருவான 40 கிலோ எடையுள்ள அனுசாட், 2009 ஏப்ரல் 20 அன்று விண்ணில் ஏவப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று வடிவமைத்த முதல் செயற்கைக்கோள் அதுவே.

எனினும் இக்கூட்டுறவின் முழுப் பொருளையும் விளக்குவது சித்தம்பூண்டியின் கதையே ஆகும். சந்திரயான் 1 வெற்றி பெற்றபின், நிலவில் இறங்கி ஊர்தி ஓட்டுவது அடுத்த இலக்காயிற்று. ஊர்தியின் சக்கரம் அம்மண்ணில் புதையுமா, வழுக்குமா, சரிவில் ஏறுமா என்பதை முன்னரே அறிய வேண்டும். தரையிறங்கும் கலத்தின் கால்கள் மண்ணைத் தொடும்போது எவ்வளவு அமிழும் என்பதும் தெரிய வேண்டும். இதில் பிழை நேர்ந்தால் 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் சென்று திருத்த இயலாது. ஆற்றுமணலில் ஓட்டிப் பார்ப்பதும் பயன் தராது. ஆற்றுமணல் நீரில் உருண்டு முனை மழுங்கியது. காற்றும் நீரும் இல்லாத நிலவின் துகள்களோ கூர்முனை கெடாதவை, ஒன்றோடொன்று பற்றிக்கொள்பவை. அமெரிக்காவில் செய்யப்பட்ட செயற்கை நிலவு மண் உண்டு. ஆனால் அவற்றுள் பெயர்பெற்றது எரிமலைச் சாம்பலிலிருந்து செய்யப்பட்டது. நிலவின் கரிய சமவெளிகளுக்கே அது ஒத்துவரும். பல பத்து டன் மண்ணை அங்கிருந்து வரவழைத்தால் செலவும் தாங்காது.

ஆகவே பெங்களூருச் செயற்கைக்கோள் மையம் உள்நாட்டிலேயே தேடத் தொடங்கிற்று. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையில் எஸ். அன்பழகன் தலைமையிலான குழுவினர் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை ஆய்ந்து, கனிமச் சேர்க்கையிலும் வேதியியல் அமைப்பிலும் அவை நிலவின் மேட்டு நிலத்துக்கு நெருங்கியவை எனக் காட்டினர். அது பாதி வேலை. கல் மண்ணாக வேண்டும். அந்த மண் நிலவு மண்போல் நடந்துகொள்ளவும் வேண்டும். அதற்குரிய பொறியியல் சோதனைகளைத் திருச்சித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் கே. முத்துக்குமரன் மேற்கொண்டார். துவாக்குடியில் உள்ள அக்கழகம் புதுக்கோட்டை மாவட்டத்தின் வட எல்லைக்குத் தொலைவில் இல்லை. துகளின் அளவு, அடர்த்தி, உராய்வுக் கோணம், துகள்கள் தம்முள் பற்றிக்கொள்ளும் தன்மை ஆகியவை அங்கே அளக்கப்பட்டன. வீட்டுக்கு அடித்தளம் போடுமுன் மண் பரிசோதனை செய்வதன் மிக நுணுக்கமான வடிவம் என்று இதனைக் கொள்ளலாம். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் இப்பணியில் பங்குகொண்டது.

பாறையை உடைத்தது எங்கே? ஆய்வுக்கூடத்தில் ஓர் உரலில் இடித்தால் சில கிலோ கிடைக்கும். இங்கே தேவைப்பட்டதோ ஏறத்தாழ 50 டன். சேலம் வட்டாரத்தில் ஜல்லி உடைக்கும் கிரஷர்களே இதற்கு உதவின. சாலைக்கும் கட்டடத்துக்கும் கல் அரைக்கும் அதே இயந்திரங்கள் நிலவுக்கான கல்லையும் அரைத்தன. இயந்திரத்தில் நொறுங்கிய துகளுக்கு நீரில் உருளாத கூர்முனை தானே அமைந்துவிடுகின்றது; இவ்வகையில் கிரஷர் தூள் ஆற்றுமணலைவிட நிலவுக்கு நெருக்கமானது. 2012 முதல் இம்மண் பெங்களூருக்குச் சென்றது. இதற்கெனத் தொடக்கத்தில் 25 கோடி ரூபாய் ஒதுக்கத் திட்டமிடப்பட்டிருந்தது என்றும், நாட்டின் பணி என்பதால் சேவையளித்தோர் கட்டணம் எதுவும் பெறவில்லை என்றும் சந்திரயான் திட்டங்களை வழிநடத்திய மயில்சாமி அண்ணாதுரை 2019இல் தெரிவித்தார்.

அந்தச் சேவையளித்தோர் யாவர்? 2014 மே மாதம் விண்ணப்பிக்கப்பட்டு 2020 மே மாதம் வழங்கப்பட்ட காப்புரிமையில் இஸ்ரோ பொறியாளர், பெரியார் பல்கலைக்கழகத்தார், திருச்சிக் கழகத்தார் ஆகியோர் பெயர்கள் உள்ளன. கண்டறிந்தவர்க்கே காப்புரிமை என்பது சட்டம்; அதில் குறை காண இடமில்லை. ஆனால் கல் உடைத்தோரும் லாரி ஓட்டியோரும் எந்த ஏட்டிலும் பெயரால் அறியப்படவில்லை. ஏழடிப்பட்டத்தில் ஒரு கல்லிருக்கையைச் செய்தவர் பெயர் ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னும் படிக்கக் கிடைக்கின்றது. பெரியார் பல்கலைக்கழகமோ இஸ்ரோவோ இவர்களின் பெயர்களையும் ஒரு பட்டியலாகத் திரட்டி வைப்பது செய்யக்கூடிய பணியே. அதற்குரிய காலம் இன்னும் கடந்துவிடவில்லை.

பெங்களூரில் இம்மண் பரப்பப்பட்ட கூடத்தில் ஊர்தி ஓடிப் பழகியது. நிலவில் ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்கே என்பதால், ஹீலியம் நிரப்பிய பலூனைக் கட்டி ஊர்தியின் எடையைக் குறைத்து ஓட்டினர். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான் 2இன் இறங்குகலம் நிலவில் மோதிச் சிதைந்தது. மண்ணின் மீது அக்குற்றம் இல்லை. இறங்கும் வேகம் கணக்கிட்டபடி குறையாததே காரணம். சந்திரயான் 3க்காகக் கால்கள் வலுவூட்டப்பட்டன; செயற்கை நிலவு மண் படுகையின்மேல் பல்வேறு நிலைகளில் இறக்கிச் சோதிக்கப்பட்டன. அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், மேல்சித்தாமூர் மடம் அமைந்த மாவட்டத்தவர். அவர் முதுநிலைப் பொறியியல் பயின்றது துவாக்குடிக் கழகத்தில்தான். அத்திட்டத்தின் ராக்கெட்டில் உறைகுளிர் எரிபொருள் நிலைக்குத் தேவையான, இருவேறு உலோகங்களை இணைத்துச் செய்த பொருத்திகளைத் திருச்சி பெல் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆய்வு நிலையம் வழங்கியதும் குறிப்பிடத்தக்கது.

2023 ஆகஸ்டு 23 மாலை 6.04 மணிக்கு இறங்குகலம் நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே கால் பதித்தது. அதற்கு இடப்பட்ட பெயர் விக்ரம். அதிலிருந்து இறங்கிய 26 கிலோ ஊர்தி பிரக்யான், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் செய்தளித்த ஆல்பா துகள் எக்ஸ் கதிர்க் கருவியை ஏந்தியிருந்தது. ஊர்தி ஏறத்தாழ 103 மீட்டர் நகர்ந்து 23 இடங்களில் மண்ணை அளந்தது. முடிவுகள் 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வெளியாயின. அங்குள்ள மண் பெரிதும் இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகை. பாறைக்குழம்புக் கடல் கருத்துக்கும் இசைவானது. மில் முதலாளிகளின் ஆதரவில் கல்லூரி அறைகளில் தொடங்கிய ஆய்வுக்கூடம், சித்தம்பூண்டிக் கல்லைத் தேர்ந்தவர்கள் வழி தவறவில்லை என்பதை நிலவிலிருந்தே உறுதி செய்தது.

இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. துருவப் பகுதி மண்ணில் எதிர்பார்த்ததைவிட மக்னீசியம் மிகுந்திருந்தது. விண்கற்கள் மோதி உருகியதால் நிலவு மண்ணில் கண்ணாடித் துகள்களும் கலந்துள்ளன. கிரஷரில் அவை விளைவதில்லை. 2024 செப்டம்பரில் அரசு ஒப்புதல் அளித்த சந்திரயான் 4 நிலவின் மண்ணை இங்கே எடுத்துவரத் திட்டமிட்டுள்ளது. அது வந்து சேரும்போது, சேலத்திலோ துவாக்குடியிலோ ஒரு மேசைமீது இரு மண்ணையும் அருகருகே வைத்து அளக்க இயலும்.