ஹெப்பாரினும் பன்றி வைரசும்: ஒரு வரலாற்று நோக்கு

குருதியுறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின், 1916ஆம் ஆண்டில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஜே மக்லீன் நடத்திய ஆராய்ச்சியில் வெளிப்பட்டதாகப் பொதுவாகக் கூறப்படும். அவர் தேடியது குருதியை உறையச்செய்யும் பொருளை. கண்டதோ அதற்கு நேர்மாறானதை. 1918இல் அவருடைய ஆசிரியர் வில்லியம் ஹவல், ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக 'ஹெப்பாரின்' என்ற பெயரை வழங்கினார். மக்லீன் கண்ட பொருளும் இன்று அப்பெயரால் வழங்குவதும் ஒன்றல்ல என்பதைப் புகழுரைப்போர் பலர் மறந்துவிடுகின்றனர்.

1930களில் ரொறன்ரோவிலே சாள்ஸ் பெஸ்ற் குழுவினர் அதனைத் தூய்மையாக்கினர். ஸ்ரொக்ஹோமிலே எரிக் யோர்ப்பஸ் அதில் சல்பேற்று செறிந்திருத்தலை நிறுவினார். அதாவது, ஹெப்பாரின் மறையேற்றம் மிக்கதொரு வெல்லச் சங்கிலி. காலப்போக்கில் பன்றியின் குடலே அதன் முதன்மை மூலமாயிற்று.

இதனை நெருங்கியொத்த ஹெப்பரான் சல்பேற்று என்னும் சங்கிலி விலங்குக் கலங்களின் மேற்பரப்பில் உள்ளது. வைரசுகள் சில கலத்தை அணுகும்போது முதலிற் பற்றிக்கொள்வது இதனையே. 1980களின் இறுதியில் ஹேர்ப்பீசு வைரசிலே தெளிவாகிய இவ்வுண்மை, பன்றிகளைத் தாக்கும் வேறொரு வைரசை ஆராயவும் வழிகாட்டியது. பன்றிகளுக்குக் கருச்சிதைவையும் சுவாச நோயையும் விளைக்கும் அவ்வைரசு, 1991இல் நெதர்லாந்தின் லெலிஸ்ராட் நகரிலே பிரித்தெடுக்கப்பட்டது. அது தாக்குவது, நுண்ணுயிர்களை விழுங்கி அழிப்பதற்கென்றே சுவாசப்பையில் அமைந்த கலங்களை!

1997இல் யப்பானிய ஆய்வாளரும், 2002இல் பெல்ஜிய ஆய்வாளரும் வெளியிட்ட முடிவுகள் ஒரே திசையைச் சுட்டின. வைரசை ஹெப்பாரினுடன் கலந்து கலங்களுக்கிட்டபோது தொற்று வெகுவாகக் குறைந்தது. கலத்திலே பற்றவேண்டிய வைரசு, கரைசலில் மிதந்த சங்கிலியைப் பற்றி ஏமாந்தது எனலாம். எனினும் தொற்று முற்றாக ஒழியவில்லை. ஹெப்பரான் சல்பேற்று வைரசின் முதற்படி மட்டுமே. உள்ளே நுழைந்து தொற்றுவதற்கு சீடி163 என்னும் புரதம் இன்றியமையாதது. அப்புரதமற்ற பன்றிகளை இவ்வைரசு தொற்றவில்லை என்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆகவே பரிசோதனைத் தட்டிற் கண்ட விளைவைப் பன்றிக்கான மருந்தாகக் கொள்ளுதல் தவறாகும்.

ஆயினும் இவ்வைரசுக்கும் ஹெப்பாரினுக்கும் உள்ள தொடர்பு ஆய்வுகூடத்தில் முடிந்துவிடவில்லை. 2006இல் இதன் கொடிய வகையொன்று சீனாவிற் பரவி, 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைப் பீடித்தது. ஏறத்தாழ 4 இலட்சம் பன்றிகள் மடிந்தன. உலகச் சந்தைக்கான ஹெப்பாரினின் மூலப்பொருளிற் பெரும்பங்கு அந்நாட்டுப் பன்றிக் குடல்களிலிருந்தே வந்தது. மூலப்பொருள் அரிதாகி விலை ஏறிய அச்சூழலில், மிகைச் சல்பேற்றேற்றிய கொண்ட்ரொயிற்றின் என்னும் மலிவான பொருள் ஹெப்பாரினுடன் கலக்கப்பட்டது. அதுவும் மறையேற்றம் மிக்க வெல்லச் சங்கிலியே. ஆதலால் வழக்கமான பரிசோதனைகளை ஏமாற்றிக் கடந்தது. வைரசை ஏமாற்றிய அதே ஒப்புமை இங்கு மருந்துப் பரிசோதகரை ஏமாற்றியது.

2007ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2008இலும் ஐக்கிய அமெரிக்காவிலே குருதிச் சுத்திகரிப்புப் பெற்ற சிறுநீரக நோயாளர் உட்படப் பலர், திடீரெனக் குருதியமுக்கம் வீழ்ந்து பாதிப்புற்றனர், மரணங்களும் நிகழ்ந்தன. இதனைத் தனியொரு மோசடியாக மட்டும் நாம் கருதுவதற்கில்லை. பண்ணையிலிருந்து நோயாளியின் நாளம் வரை நீளும் அச்சங்கிலியிலே, குடலைக் கழுவிச் சாறெடுத்த சிறு பட்டறைகள் பலவற்றை எவரும் முறையாகப் பரிசோதித்ததில்லை. விலையோ நாள்தோறும் கவனிக்கப்பட்டது.