பகலில் ஆந்தையைத் தேடுதல்: தங்கிடம் அறியும் முறை குறித்து

ஆந்தை பார்க்க விரும்புகிறவர்கள் தமிழகத்தில் பெரும்பாலும் இருட்டிய பிறகே கிளம்புகிறார்கள். கையில் டார்ச் லைட், செல்போனில் பதிந்துவைத்த ஆந்தைக் குரல். குரலை ஒலிக்கவிட்டால் பறவை பதில் கொடுக்கும். சில வேளை தலைக்கு மேலேயே வந்து உட்காரும். வெளிச்சம் அடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். ஆனால் ஆந்தை எங்கே வாழ்கிறது என்ற கேள்விக்கு இந்த வழியில் விடை கிடைக்காது. குரலுக்கு வந்த ஆந்தை தங்கிடத்தை விட்டு வந்த ஆந்தை. அது பகலை எந்தப் பொந்தில், எந்தக் கிளையில், எந்தப் பாறை இடுக்கில் கழிக்கிறது என்பதைப் பகலில்தான் கண்டறிய முடியும். அதற்கும் முதலில் இடத்தை அறிய வேண்டும், பிறகுதான் பறவையை.

தங்கிடத்தை ஆந்தை ஏனோதானோவென்று தேர்ந்துகொள்வதில்லை. வெயில் நேரே விழக்கூடாது. காக்கையும் கரிச்சானும் கண்டுபிடிக்கக்கூடாது. இரவில் இரை தேடும் இடமும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒவ்வோர் இனமும் தன் வழியில் நிறைவேற்றிக்கொள்கிறது. புள்ளி ஆந்தைக்குப் பொந்து விழுந்த புளியமரமோ மாமரமோ, பட்டுப்போன பனையோ போதும். தெருவோரம் என்றாலும் கவலைப்படாது. வெண்கூகை கோபுர மாடங்களையும் பாழடைந்த கட்டடங்களையும் நாடும். கொம்பன் ஆந்தைக்குக் கற்குவாரியும் மண் அரித்த பள்ளத்தாக்கும் பாறைத் திட்டும் வேண்டும். பழுப்பு மீன் ஆந்தை நீரோடையை விட்டு விலகாது. கரையோரத்து அடர்ந்த மரத்தில் இலைகளுக்கு நடுவே நிற்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் குட்டைக்காது ஆந்தையோ மரத்தையே நாடுவதில்லை. புல்வெளியில், புதரடியில் தரையோடு தரையாகக் கிடக்கும்; காலடியில் மிதிபடும் அளவுக்கு நெருங்கிய பிறகே எழும்பும். ‘மரத்தைப் பார்’ என்ற பொது அறிவுரை இங்கே பயன்படாது.

தமிழ் இலக்கியத்தில் இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. நற்றிணையின் 83ஆம் பாட்டில், இரவில் தலைவன் வரும் நேரம் குழறிக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று தோழி கூகையிடம் கெஞ்சுகிறாள். அந்தக் கூகை இருப்பது ஊர் வாயிலில், தண்ணீர்த்துறை அருகே, தெய்வம் உறையும் முதுமரத்தில். அதற்குத் தருவதாக அவள் சொல்லும் விருந்தில் சுட்ட எலியும் இருக்கிறது. முதிய மரம், நீர், மனிதக் குடியிருப்பு, எலி. இன்று கள ஆய்வாளர் ஒருவர் கூகையின் வாழிடத்தைக் குறிப்பேட்டில் எழுதினாலும் இவற்றைத்தான் எழுதுவார். ஆந்தை சுடுகாட்டுப் பறவை, பாழிடத்துப் பறவை என்ற எண்ணம் பாதி உண்மைதான். ஊருக்குள்ளும் ஊர் ஓரத்திலும் மனிதர் வெட்டாமல் விட்ட பழைய மரமும் இடிக்காமல் விட்ட பழைய சுவரும் இருக்கும் இடமெல்லாம் அதன் இடம்.

இடத்தை அறிந்தால் பறவை கிடைக்கும், தவறான இடத்தை நம்பினால் கிடைக்காது என்பதற்கு மகாராஷ்டிரத்துக் காட்டுச் சிற்றாந்தையின் வரலாற்றை விட வலுவான எடுத்துக்காட்டு இல்லை. 1873இல் பறவையியலாளர் ஏ.ஓ. ஹியூம் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய பறவை இது. 1884க்குப் பிறகு அதைப் பார்த்ததற்கு நம்பத்தக்க பதிவே இல்லை. 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் பிடித்ததாகப் பறவை சேகரிப்பாளர் ரிச்சர்ட் மைனர்ட்ஸாகன் சீட்டு எழுதி வைத்திருந்த மாதிரி ஒன்று மட்டும் இருந்தது. அந்தச் சீட்டு பொய். அருங்காட்சியகத்திலிருந்து பழைய மாதிரியைத் திருடி, புது இடமும் புதுத் தேதியும் எழுதி ஒட்டியிருந்தார் என்பதைப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசன் வெளிக்கொண்டு வந்தார். பொய்யான இடப்பெயரைத் தள்ளிவிட்டு, உண்மையான பழைய மாதிரிகள் கிடைத்த பகுதிகளுக்கே பென் கிங், டேவிட் அபாட் ஆகியோருடன் அவர் போனார். 1997 நவம்பரில் ஷஹாதா அருகே, காலை வெளிச்சத்தில், இலையுதிர்ந்த மரத்தில் அந்த ஆந்தை வெளிப்படையாக உட்கார்ந்திருந்தது. பெரும்பாலும் பகலிலேயே இயங்கும் இனம் அது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. இரவுப் பறவை என்ற முன்முடிவோடு டார்ச் ஏந்திப் போயிருந்தால் அது இன்னும் சில காலம் ‘அழிந்த’ பறவையாகவே இருந்திருக்கக்கூடும்.

இதற்கு மறுப்பு எழலாம். குரல் இல்லாமல் ஆந்தையைக் கண்டறிய முடியுமா? இலங்கையின் செரெண்டிப் ஆந்தையே குரலால் கிடைத்ததுதானே? உண்மை. பறவையியலாளர் தீபால் வாரகாகொட 1995இல் கித்துல்கல மழைக்காட்டில் எந்த இனத்துக்கும் பொருந்தாத ஒரு குரலைக் கேட்டார். பறவையைக் கண்ணால் பார்த்தது 2001 ஜனவரியில், சிங்கராஜக் காட்டில். 2004இல் அது புது இனமாக வெளியிடப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதிய பறவை இனம். ஆனால் இது பொறுமையாகக் காது கொடுத்ததன் விளைவு. காது கொடுப்பது வேறு, குரலை ஒலிக்கவிட்டு அலைக்கழிப்பது வேறு. அந்தப் பறவை பகலில் நிலத்துக்குச் சற்றே மேலே, அடர்ந்த அடிப்புதரில் தங்குகிறது என்ற செய்தி, காட்டின் உச்சியையே அண்ணாந்து பார்த்துப் பழகியவர்களுக்கு நல்ல பாடம். ஒலிபரப்பிக் கணக்கெடுக்கும் முறைக்கு எண்ணிக்கை ஆய்வில் இடம் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது பறவை எவ்வளவு என்று சொல்லும். தங்கிடம் எங்கே என்று சொல்லாது.

பகல் தேடலில் முதல் துணை மற்றப் பறவைகள். தவிட்டுக்குருவிகளும் கொண்டைக்குருவிகளும் ஒரே கிளையை நோக்கிக் கத்தினால், கரிச்சான் ஒன்று மீண்டும் மீண்டும் ஒரே இலைக்கொத்தை நோக்கிப் பாய்ந்தால், அணில் வாலை உதறி நிறுத்தாமல் சத்தமிட்டால், அங்கே பாம்போ பூனையோ ஆந்தையோ இருக்கும். சத்தம் தரையை நோக்கி நகர்ந்தால் பாம்பாகவோ பூனையாகவோ இருக்கலாம். இடம் மாறாமல் மரத்தின் உள்ளே ஒரே புள்ளியில் நின்றால் ஆந்தை என்று எண்ண இடமுண்டு.

இரண்டாவது துணை தரை. வெள்ளை எச்சம் மட்டும் போதாது. கொக்கும் நீர்க்காகமும் அடையும் மரத்தடியும் வெளுத்துத்தான் கிடக்கும். அடிமரத்தில் ஒரே கோட்டில் வழிந்த எச்சமும், அதன் கீழே ஆந்தை கக்கிய உருண்டைகளும் சேர்ந்திருந்தால் ஐயமில்லை. வெண்கூகையின் புது உருண்டை கட்டைவிரலை விடப் பருமனாக, கருத்து, வார்னிஷ் பூசியதுபோல் மினுங்கும்; காயக் காயச் சாம்பல் நிறமாகும். ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்தால் மயிர்ப் பொதிக்குள்ளிருந்து முழு மண்டையோடே வெளிவரும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் எலி, பல்வரிசை இடைவெளியின்றி ஓடினால் மூஞ்சூறு. புள்ளி ஆந்தையின் உருண்டை சிறியது, தொட்டால் உதிரும். வண்டுகளின் சிறகோடுகள் அதில் பளபளக்கும். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் காவிரிப் படுகையில் வெண்கூகையின் இரையை ஆராய்ந்தது இத்தகைய உருண்டைகளைக் கொண்டுதான். கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி என நெல்வயலைத் தின்னும் எலிகளே அதன் முதன்மை உணவு என்பது தெரிந்தது. புதுச்சேரியைச் சுற்றிக் கொம்பன் ஆந்தையின் இரையை எரிக் ராமானுஜம் ஆராய்ந்ததும் இவ்வகைப் பணியே. ஒரு பறவையையும் தொடாமல், துரத்தாமல் இவ்வளவும் அறிய முடிந்திருக்கிறது.

அதன் பிறகே கண்ணுக்கு வேலை. காதுக்கொம்புள்ள சிற்றாந்தை ஆபத்தை உணர்ந்தால் உடலை ஒடுக்கி நிமிர்ந்து, கண்ணைக் கீற்றாக மூடிக்கொள்ளும். பட்டை உரிந்த ஒடிந்த கிளைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே ஆந்தை உருவத்தைத் தேடுவதை விட, கிளையில் பொருந்தாமல் நிற்கும் கட்டையைத் தேடுவது பலன் தரும். புள்ளி ஆந்தை இதற்கு நேர்மாறு. குளிர்கால முற்பகலில் பொந்து வாயிலில் வெயில் காயும். ஆளைக் கண்டால் தலையை மேலும் கீழுமாக ஆட்டி முறைக்கும். மூடியிருந்த கண் திறந்து நம்மையே உற்றுப் பார்த்தால் நெருங்கியது அதிகம் என்று பொருள். அப்போது பின்வாங்க வேண்டும். பகலில் எழுப்பப்பட்ட ஆந்தையைக் காக்கைகள் விடாது துரத்தும். கண்டவர் மகிழ்ச்சிக்கு அந்தப் பறவை பெரிய விலை கொடுக்க நேரும்.

கண்டுபிடித்த தங்கிடத்தை என்ன செய்வது என்பது முறையியலின் பகுதியே. ஆந்தை நாள்தோறும் அதே இடத்துக்குத் திரும்புவதால் ஆய்வாளருக்கு எது வசதியோ பிடிப்பவருக்கும் அதுவே வசதி. டிராஃபிக் இந்தியா அமைப்புக்காக அப்ரார் அகமது தயாரித்து 2010இல் வெளியான அறிக்கை, இந்தியாவின் 30 ஆந்தை இனங்களில் 15 இனங்கள் கள்ளச் சந்தையில் விற்கப்படுவதைப் பதிவுசெய்தது. மாந்திரீகத்துக்கும் பலிக்கும் பிடிக்கப்படுவதையும், தீபாவளியை ஒட்டி அது கூடுவதையும் சொன்னது. எனவே வெளியிடும் கட்டுரையில் தாலுகா பெயர், மரவகை, உயரம், பொந்தின் திசை ஆகியவை போதும். எந்த மரம், எந்தக் கோபுரம் என்பது குறிப்பேட்டோடு நிற்க வேண்டும். படத்தோடு ஆயத்தொலைவுகளையும் பகிரும் வழக்கத்தை ஆய்விதழ்களே முன்நின்று நிறுத்த வேண்டும்.

தங்கிடத் தரவு பறவைக்குப் பயன்படும் இடமும் உண்டு. சாலை அகலப்படுத்த வரிசைப் புளியமரங்களை வெட்டுவதற்கு முன்பும், குடமுழுக்குத் திருப்பணிக்குச் சாரம் கட்டுவதற்கு முன்பும் பொந்துகளையும் மாடங்களையும் பகலில் ஒருமுறை பார்த்துவிடுவது கடினமான வேலை இல்லை. கோயில் காவலாளிக்கும் மரமேறிக்கும் பாதி விவரம் முன்பே தெரிந்திருக்கும். அந்தி நேரத்தில் மாடத்திலிருந்து குறட்டைபோல் சீறல் வந்தால் குஞ்சுகள் இருக்கின்றன. வெண்கூகைக் குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். அதுவரை அந்தப் பக்கத்து வேலையைத் தள்ளிவைக்கலாம். வேலை முடிந்து கம்பிவலை அடிக்கும்போது ஒரு மாடத்தையாவது திறந்தே விடலாம்.