உலர் பனிக்கட்டி: வகுப்பறையில் செய்யத்தக்க நான்கு சோதனைகள்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் வெண்புகை வழியும் குடுவையைச் சுற்றிப் பிள்ளைகள் கூடி நிற்பதைப் பார்த்திருப்போம். அதற்குள் இருப்பது 'டிரை ஐஸ்' எனப்படும் உலர் பனிக்கட்டி. இது நீரால் ஆனதல்ல. உறைய வைக்கப்பட்ட கரியமில வாயு. இதன் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். இது உருகி நீராவதில்லை, நேரடியாக வாயுவாகிறது. இதையே பதங்கமாதல் என்கிறோம். ஒரு கிலோ கட்டியிலிருந்து 500 லிட்டருக்கும் அதிகமான வாயு வெளிவரும். கடுங்குளிர், பெருகும் வாயு ஆகிய இவ்விரண்டிலிருந்துதான் இதன் வேடிக்கையும் வருகிறது, ஆபத்தும் வருகிறது.

சோதனைகள்

1. மேகம்: வெதுவெதுப்பான நீரில் சிறு துண்டை இட்டால் வெண்புகை எழும். கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது. நாம் காண்பது, குளிரால் நுண்துளிகளாக மாறிய நீராவியே.

2. அணையும் சுடர்: அந்தக் குடுவையை நீர் சிந்தாமல் மெழுகுவர்த்தியின் மேல் சாய்த்தால் சுடர் அணையும். இவ்வாயு காற்றைவிட சுமார் ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் கீழே வழிகிறது.

3. மிதக்கும் குமிழி: அகன்ற தொட்டியின் அடியில் சில துண்டுகளை இட்டு, சற்று நேரம் கழித்து சோப்புக் குமிழிகளை விட்டால், அவை தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்.

4. பாலாகும் சுண்ணாம்பு நீர்: தெளிந்த சுண்ணாம்பு நீரில் சிறு துண்டை இட்டால் பால்போல் வெளுக்கும். வாயு மிகுந்தால் மீண்டும் தெளியும்.

பாதுகாப்பு

* கட்டியை ஆசிரியர் மட்டுமே, தடித்த கையுறையும் இடுக்கியும் கொண்டு எடுக்க வேண்டும். கண்ணாடி அணிவது அவசியம்.
* சன்னல், கதவுகள் திறந்திருக்க வேண்டும். காற்றோட்டமற்ற அறையில் மூச்சுத்திணறல் ஏற்படும்.
* மூடிய பாட்டிலிலோ டப்பாவிலோ ஒருபோதும் அடைக்கக் கூடாது; வெடித்துவிடும்.
* வாயில் இடவே கூடாது. 2024 மார்ச்சில் ஹரியானாவின் குருகிராமில், உணவுக்குப் பின் வாய்ப் புத்துணர்வுக்கென்று தரப்பட்ட உலர் பனிக்கட்டியை வாயிலிட்ட ஐந்து பேர் இரத்த வாந்தி எடுத்தனர்.
* மிஞ்சியதைப் பிள்ளைகள் எட்டாத திறந்தவெளியில் விட்டால் தானே மறைந்துவிடும். கழுவுதொட்டியில் கொட்டக் கூடாது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையின் பள்ளியில் இச்சோதனை நடக்கவிருந்தால் ஆசிரியரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அறையில் காற்றோட்டம் உண்டா? மிஞ்சிய கட்டியை என்ன செய்வீர்கள்? இவ்விரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பலாம்.