மருத்துவம் செய்ய அனுமதி கேட்ட கன்னியர்

இம்மலரின் முற்பக்கங்களில் நம் பங்கை நடத்திய குருக்களின் பெயர்கள் ஆண்டு வரிசைப்படி அச்சாகியுள்ளன. கோயில் எழுப்பியவர், பள்ளி தொடங்கியவர், கல்லறைத் தோட்டத்திற்குச் சுற்றுச்சுவர் கட்டியவர் எல்லாரும் அதில் உண்டு. கன்னியர் மடத்து மருந்தகத்தை நடத்திய சகோதரிகளின் பெயர்களையும் தேடினோம், பதிவேடுகளில் கிடைக்கவில்லை. 'பெரிய சிஸ்டர்' என்றும் 'ஊசி போடுற சிஸ்டர்' என்றும்தான் நம் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். இக்குறை நம்மை உறுத்தியது. இந்தச் சகோதரிகளுக்கெல்லாம் முன்னே நடந்து வழி திறந்துவிட்ட மூன்று பெண் வைத்தியர்களின் வரலாற்றையாவது இங்கே எழுதி வைப்பது தகும் என எண்ணினோம்.

கன்னியர் வைத்தியம் பார்ப்பது இன்று நமக்குப் பழகிய காட்சி. ஆனால் ஒரு காலத்தில் திருச்சபைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. குருக்களும் துறவியரும் மருத்துவத் தொழில் செய்யலாகாது என்ற பழைய விதி 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் இடம் பெற்றது. நோயாளிக்குப் பணிவிடை செய்யலாம். வைத்தியராக இருக்க உரோமையின் தனி அனுமதி வேண்டும். பிரசவம் பார்ப்பதோ கன்னியருக்குத் தகாதது என்றே கருதப்பட்டது. இந்தியாவில் இதன் விளைவு கொடியதாயிற்று. ஆண் வைத்தியரிடம் தம்மைக் காட்ட மறுத்து, கோஷாவுக்குள் இருந்த தாய்மார் பலர் பேறுகாலத்தில் உயிரிழந்தனர். அவர்கள் கதவைத் தட்டியிருக்கக்கூடிய கன்னியரின் கைகளைக் கட்டி வைத்திருந்தது நம் சட்டம். இதைச் சொல்வதில் நமக்குத் தயக்கம் இல்லை. திருச்சபையே பின்னர் அவ்விதியைத் தளர்த்தியது.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் ஆக்னஸ் மக்லாரன் அம்மையார். 1837-இல் எடின்பரோவில் பிறந்தவர். பெண் என்பதால் சொந்த ஊரில் மருத்துவம் படிக்க இயலாமல் பிரான்சு நாட்டு மொண்பெலியே நகரில் படித்து 1878-இல் பட்டம் பெற்றார். அறுபது வயதைக் கடந்தபின், 1898-இல் கத்தோலிக்க மறையில் சேர்ந்தார். அதன்பின் ஓய்ந்திருந்தாரா என்றால் இல்லை. எழுபதைத் தாண்டிய வயதில் கப்பலேறி இந்தியா வந்தார். இன்று பாகிஸ்தானில் உள்ள இராவல்பிண்டியில் பெண்களுக்கென 1909-இல் ஒரு மருத்துவமனை உருவாகப் பாடுபட்டார். கன்னியர் மருத்துவம் செய்ய அனுமதிக்குமாறு உரோமைக்கு மீண்டும் மீண்டும் மன்றாடினார். பலன் காணாமலே 1913-இல் கண்மூடினார்.

ஆனால் அவரைப் பற்றிய ஒரு சிறு பிரசுரம் கடல் கடந்து ஆஸ்திரேலியா சென்றது. 1915 அக்டோபரில் மெல்போர்ன் நகரில் மேரி குளோரி என்ற இளம் பெண் வைத்தியர் அதைப் படித்தார். 1887-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது 28. கண் மருத்துவத்தில் பெயர் எடுத்து வந்தார். அங்கே புதிதாய்த் தொடங்கிய கத்தோலிக்கப் பெண்கள் சமூகச் சங்கத்திற்கும் முதல் தலைவியாய் இருந்தார். இந்தியத் தாய்மாரும் குழந்தைகளும் படும் பாட்டைப் படித்த அன்றே தம் அழைப்பு இதுவென உணர்ந்தார். ஆயினும் உடனே புறப்பட்டுவிடவில்லை. பிரசவம், பெண்கள் நோய், கண் நோய் ஆகியவற்றில் மேற்படிப்பு முடித்து 1919-இல் எம்.டி. பட்டமும் பெற்றார். உள்ளத்தில் ஆர்வம் பொங்கும்போது நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்து படிப்பது எளிதன்று. அந்தப் பொறுமையைத்தான் நாம் பெரிதாக மதிக்கிறோம்.

1920 பிப்ரவரியில் ஆந்திர நாட்டுக் குண்டூர் வந்து சேர்ந்த அவர், அங்கே பணிபுரிந்த இயேசு மரி சூசை சபையில் சேர்ந்து, இயேசுவின் திரு இருதய மரியாள் என்ற துறவறப் பெயர் பெற்றார். கன்னியாய் இருந்துகொண்டே மருத்துவம் செய்ய, திருத்தந்தை 15-ஆம் ஆசீர்வாதப்பர் தனி அனுமதி அளித்தார். சிறு மருந்தகமாய் இருந்த இடம் தூய சூசையப்பர் மருத்துவமனையாய் வளர்ந்தது. நீண்ட காலம் அங்கு வைத்தியர் அவர் ஒருவரே. தாமே எல்லாவற்றையும் செய்துவிட முடியாது என்று கண்டு, அவ்வூர்ப் பெண்களையே கம்பவுண்டர்களாகவும் நர்சுகளாகவும் மருத்துவச்சிகளாகவும் பயிற்றினார்.

மக்லாரன் அம்மையாரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த இன்னொருவர் ஆஸ்திரியா நாட்டு அன்னா டெங்கல். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் செல்லத்தக்க பட்டம் வேண்டுமென்று அயர்லாந்து சென்று, 1919-இல் மருத்துவரானார். அடுத்த ஆண்டே இராவல்பிண்டிக்கு வந்தார். நோயாளிகள் கூட்டத்தைத் தனியொருத்தியாய்ச் சமாளித்துக் களைத்த அவருக்கு, மருத்துவத்திற்கென்றே ஒரு கன்னியர் சபை வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1925-இல் வாஷிங்டனில் நான்கு பேருடன் அதைத் தொடங்கினார். பகிரங்க வார்த்தைப்பாடு கொடுக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. பதினொரு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 11-ஆம் பத்திநாதர் காலத்தில், 1936 பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாளன்று, கன்னியர் மருத்துவமும் பிரசவமும் பார்க்கலாம் என்ற ஆணை உரோமையிலிருந்து வந்தது.

குண்டூர் சகோதரியோ அதோடு நிற்கவில்லை. ஆங்காங்கே தனித்தனியே திண்டாடிய கத்தோலிக்க மருத்துவமனைகள் ஒன்று சேர வேண்டும் என்று 1943 ஜூலை 29 அன்று சகோதரிகளைக் கூட்டினார். வந்தவர்கள் பதினாறு பேர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அன்று அவர்கள் தொடங்கியதே இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கம். இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் அங்கம் வகிக்கின்றன. நம் மருத்துவர்கள் படிக்க ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பதும் அவரது கனவு. 1957 மே 5 அன்று பெங்களூரில் புற்றுநோயால் அவர் இறந்தார். அதே நகரில் தூய யோவான் மருத்துவக் கல்லூரி 1963-இல் திறக்கப்பட்டது. 2013-இல் அவர் இறை ஊழியராக அறிவிக்கப்பட்டார்.

நம் மருந்தகத்துச் சகோதரிகளுள் எவருடைய பெயராவது, வந்து போன ஆண்டாவது நினைவிருக்கும் பெரியோர், ஒரு தாளில் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுக்க வேண்டுகிறோம். இம்மலருடன் இணைப்பாக அச்சிட்டுத் தர விழாக்குழுவினர் இசைந்திருக்கிறார்கள்.