தோட்டத்துக்குப் போகும் பழைய ஜீப், பொலிரோவை உயர்த்தலாமா? குறைந்த செலவில் செய்யும் முறையும் எல்லையும்

மழைக்காலம் வந்தால் தோட்டத்து வண்டித்தடத்தில் ஜீப்பும் பொலிரோவும் அடிதட்டுவது வழக்கமாகிவிடுகிறது. டிராக்டர் சக்கரம் இரு பக்கமும் பள்ளம் பறித்துவிடும். நடுவில் மண்மேடு நிற்கும். டிராக்டருக்கு அது பொருட்டே இல்லை. உங்கள் வண்டியோ அந்த மேட்டில் உரசும், சில நேரம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். "ஸ்பிரிங்கை மாற்றி 3 அங்குலம் தூக்கிவிடலாம்" என்று பட்டறையில் சொல்வார்கள். காயலான் கடையில் வேறு வண்டியின் பிளேட்டும் மலிவாகக் கிடைக்கும்.

இந்த வேலையைச் செய்யலாம். ஆனால் எதற்காகச் செய்கிறோம், எவ்வளவு செய்யலாம் என்று தெரிந்து செய்யவேண்டும். ஏனென்றால் அதே வண்டியில்தான் வேலையாட்களும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் ஏறுகிறார்கள்.

முதலில் எது தட்டுகிறது என்று பாருங்கள்

வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கை பிரேக் போட்டு, அடியில் விளக்கடித்துப் பாருங்கள். உரசிய இடத்தில் துரு போய் இரும்பு பளபளக்கும் அல்லது மண் அப்பியிருக்கும். அந்த இடம் எது என்பதைப் பொறுத்துத்தான் தீர்வு.

பின் அச்சின் நடுவில் குடம்போல் தொங்கும் டிஃபரன்ஷியல் பெட்டி தட்டுகிறதா? அப்படியானால் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பயன் இல்லை. அந்தப் பெட்டி அச்சோடு சேர்ந்தது. அச்சோ சக்கரத்தின் உயரத்தில்தான் நிற்கும். ஸ்பிரிங் உயர்த்தினால் சேஸியும் பாடியும் மட்டுமே மேலே போகும். டிஃபரன்ஷியல் உயர வேண்டுமென்றால் ஒன்று டயர் பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் தடம் சரியாக வேண்டும்.

சைலன்சர், டீசல் டேங்க், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஃபுட்போர்டு ஆகியவை தட்டினால் ஸ்பிரிங் வேலை பலன் தரும். வாய்க்கால் மேட்டில் ஏறும்போது முன் பம்பரோ, இறங்கும்போது பின்னால் உள்ள கொக்கியோ மட்டும் தட்டினால், அந்தப் பாகத்தை மாற்றிப் பொருத்துவதே போதும்.

வண்டி தாழ்ந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள்

10, 15 ஆண்டு ஓடிய வண்டியில் பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழ்ந்திருக்கும். இழந்த உயரத்தை மீட்டாலே பல வண்டிகளுக்குப் போதும்.

நெல் காயவைக்கும் சிமென்ட் களத்தில் வண்டியை நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்து நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். பிறகு வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றி மறுபடி அளங்கள். 45 கிலோ யூரியா மூட்டை 5 ஏற்றினால் 225 கிலோ; கணக்குக்கு எளிது.

இடது வலது அளவில் ஒரு விரல் அகலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கம் பிளேட் உடைந்திருக்கலாம் அல்லது புஷ் தேய்ந்திருக்கலாம். சுமை ஏற்றாதபோதே பிளேட் நேர்கோடாகவோ கீழ்நோக்கி வளைந்தோ நின்றால் அது தளர்ந்துவிட்டது என்று பொருள். அதே மாடலில் நல்ல நிலையில் உள்ள வண்டி பக்கத்தில் இருந்தால் அதையும் அளந்து ஒப்பிடுங்கள்.

உங்கள் வண்டியில் எந்த வகை ஸ்பிரிங்?

பழைய மகிந்திரா ஜீப்களில் நான்கு பக்கமும் பிளேட் ஸ்பிரிங்தான். பழைய பொலிரோவில் பின்பக்கம் பிளேட், முன்பக்கம் சுருள் ஸ்பிரிங். 2010-ல் வந்த பழைய தார் வண்டியில் பின்பக்கம் பிளேட், முன்பக்கம் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி. மூன்றுக்கும் வேலை வேறு வேறு.

பிளேட் ஸ்பிரிங்: செலவு குறைந்த வழி முதல்

முதல் வழி, புஷ்ஷும் ஷாக்கிளும் மாற்றுவது. தேய்ந்த புஷ்ஷே சில மில்லிமீட்டர் உயரத்தைத் தின்றுவிடும். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கும்.

இரண்டாவது, பிளேட்டுக்கு மீண்டும் வளைவு கொடுப்பது. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் ஊர்களில் இதற்கென்றே பட்டறைகள் உண்டு. குளிர்ந்த நிலையில் சுத்தியால் அடித்து வளைத்தால் செலவு குறைவு; ஆனால் சில மாதத்தில் மறுபடி தாழும். உலையில் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் குளிரவைத்து, மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் நிற்கும். கேஸ் வெல்டிங் தீயால் ஒரே இடத்தைச் சூடாக்கி வளைப்பதை அனுமதிக்காதீர்கள். அந்த இடத்தில் எஃகு பதம் இழந்து, பிறகு அங்கேயே முறியும். உடைந்த பிளேட்டை வெல்டிங் வைத்து ஒட்டுவதும் கூடாது.

மூன்றாவது, ஒரு பிளேட் கூடுதலாகச் சேர்ப்பது. உயரமும் தாங்கு திறனும் கூடும். ஆனால் வெறும் வண்டி குதிக்கும். நீளமான மெல்லிய பிளேட் சேர்த்தால் குதிப்பு குறையும். குட்டையான தடித்த பிளேட் சேர்த்தால் அது முடியும் இடத்தில் மேல் பிளேட்டுக்கு அழுத்தம் கூடி விரிசல் விடும்.

நான்காவது, வேறு வண்டியின் பிளேட் கட்டை மாற்றிப் போடுவது. மலிவு என்று பலர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். கடைக்குப் போகும் முன் ஐந்து அளவை எழுதிக்கொள்ளுங்கள்: பிளேட்டின் அகலம், முன் கண்ணிலிருந்து சென்டர் போல்ட் வரை தூரம், சென்டர் போல்ட்டிலிருந்து பின் கண் வரை தூரம், புஷ் துளையின் விட்டம், பிளேட்களின் எண்ணிக்கையும் தடிமனும். முன் தூரம் மாறினால் அச்சே முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். பிக்கப் வண்டியின் பிளேட் ஒரு டன்னுக்கு மேல் சுமை ஏற்றுவதற்காகச் செய்தது. அதை ஆள் ஏறும் பொலிரோவில் அப்படியே போட்டால் சுமை இல்லாதபோது சக்கரம் மேட்டில் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிரேக் பிடிக்காது. சில பிளேட்டைக் கழற்றிக் குறைத்தால்தான் பொருந்தும்.

பழைய பிளேட் வாங்கும்போது கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சென்டர் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

ஐந்தாவது, நீளமான ஷாக்கிள். 2 அங்குலம் நீளமான ஷாக்கிள் போட்டால் வண்டி சுமார் 1 அங்குலம்தான் உயரும். ஷாக்கிள் முன்னால் உள்ள பழைய ஜீப்களில் முன் ஸ்பிரிங்குக்கு இதைச் செய்தால் அச்சு முன்னோக்கிச் சாயும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. வேகத்தில் வண்டி அலையும். எனவே முன்பக்கம் வேண்டாம்.

அச்சுக்கும் பிளேட்டுக்கும் இடையே கட்டை வைப்பதாக இருந்தால் பின்பக்கம் மட்டும், ஒரே துண்டு இரும்புக் கட்டையாக வையுங்கள். மரக்கட்டை கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. முன் அச்சில் எந்தக் கட்டையும் கூடாது.

சுருள் ஸ்பிரிங்கும் முறுக்குக் கம்பியும்

சுருள் தளர்ந்திருந்தால் அதே மாடலுக்கான புதிய ஜோடி வாங்கிப் போடுவதே நல்லது. சுருள்களுக்கு இடையே செருகும் ரப்பர் பஃபர் மலிவுதான். ஆனால் அது செருகிய சுருளை வேலை செய்யவிடாது. மற்ற சுருள்களின் மேல் பாரம் கூடும். அவசரத்துக்கு வைக்கலாம், நிரந்தரத் தீர்வு ஆகாது.

முறுக்குக் கம்பி உள்ள வண்டியில் ஒரு போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் உயரும். செலவே இல்லை என்பதால் முழுவதும் முறுக்கிவிடுவார்கள். அப்போது சக்கரம் கீழே இறங்க இடமே இருக்காது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் "டங்" என்று அடிக்கும், பால் ஜாயின்ட் சீக்கிரம் போகும். இழந்த உயரத்தை மீட்கும் அளவுக்கு மட்டும் முறுக்கி, பிறகு வீல் அலைன்மென்ட் செய்யுங்கள்.

டயர் பெரிதானால் எவ்வளவு கிடைக்கும்?

பொலிரோவில் வரும் 215/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 703 மி.மீ. அதற்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் சுமார் 733 மி.மீ. விட்டம் 30 மி.மீ. கூடினாலும் டிஃபரன்ஷியல் உயர்வது அதில் பாதி, அதாவது 15 மி.மீ.தான். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 62 முதல் 63 கி.மீ. வேகத்தில் ஓடும். ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பும்போது டயர் உரசுகிறதா என்றும் பார்க்கவேண்டும். எப்படியும் டயர் மாற்றவேண்டிய நேரம் வந்தால் யோசிக்கலாம். 15 மி.மீ.க்காக நல்ல டயரைக் கழற்றுவது வீண் செலவு.

எந்த அளவோடு நிறுத்துவது?

இழந்த உயரத்தை மீட்டபின், தேவைப்பட்டால் அதற்கு மேல் 1 முதல் ஒன்றரை அங்குலம். தோட்ட வேலைக்கு அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம், ஷாக் அப்சார்பரின் நீளம், பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங் கம்பி எல்லாவற்றையும் மாற்றவேண்டி வரும். குறைந்த செலவு என்று தொடங்கியது அங்கே முடியாது. அச்சுக்குக் கீழே இருக்கும் பிளேட்டை அச்சுக்கு மேலே மாற்றி ஒரேயடியாகத் தூக்கும் வேலை தோட்டத்து வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கவிழும் ஆபத்தும் உண்டு. சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் அகலம் உள்ள வண்டியின் ஒரு பக்கச் சக்கரம் ஓர் அடி ஆழ வாய்க்காலில் இறங்கினால் வண்டி சுமார் 12 டிகிரி சாயும். தாழ்ந்த பக்க ஸ்பிரிங் அமுங்குவதால் பாடி இன்னும் கூடச் சாயும். தரையே சரிவாக இருந்தால் அதுவும் சேரும். வண்டி உயர உயர, கேரியரில் சுமை ஏற ஏற, தாங்கும் சாய்வு குறையும். உயர்த்திய வண்டியின் மேல் கேரியரில் மூட்டை ஏற்றுவதையும், ஃபுட்போர்டில் ஆள் நின்று வருவதையும் அடியோடு நிறுத்துங்கள்.

வேலை முடிந்ததும் பார்க்கவேண்டியவை

கழற்றிய யு போல்ட்டை மறுபடி பயன்படுத்தாமல் புதியது போடுங்கள். ரப்பர் புஷ் உள்ள ஷாக்கிள் போல்ட்டை, வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கவேண்டும். 100 கி.மீ. ஓடியபின் எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள்.

சேஸியை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். அந்த நிலையில் பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுபடக் கூடாது. ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதும் திருப்பியும் பாருங்கள்.

சில வண்டிகளில் பின் அச்சிலிருந்து ஒரு சிறிய கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றுவது அதன் வேலை. வண்டியை உயர்த்தினால் சுமை இல்லை என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மெக்கானிக்கிடம் கேட்டு, அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

வீல் அலைன்மென்ட் செய்து, ஹெட்லைட்டைத் தாழ்த்தி வையுங்கள். ஆள் இல்லாத இடத்தில் 20 கி.மீ., பிறகு 40 கி.மீ. வேகத்தில் பிரேக் அடித்துப் பார்த்தபின் குடும்பத்தை ஏற்றுங்கள்.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. தளர்ந்த ஸ்பிரிங்கை அதே அளவில் புதுப்பிப்பது பழுதுபார்ப்பு. அதைத் தாண்டி உயர்த்துவதும் டயர் அளவை மாற்றுவதும் மாற்றமாகக் கருதப்படலாம். வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள்; காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். சொந்த வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டவேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தடத்தையும் சரிசெய்யுங்கள்

டிராக்டரின் பின்னால் பிளேடு மாட்டி நடுமேட்டைச் சீவிவிடுங்கள். சக்கரப் பள்ளத்தில் கிராவல் போட்டு, ஈரப்பதம் இருக்கும்போது டிராக்டரையே ஓட்டி இறுக்குங்கள். தடத்தின் ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு சிறு வாய்க்கால் எடுங்கள். தண்ணீர் தேங்காத தடத்தில் பள்ளம் விழுவது குறையும். கரிசல் மண்ணில் மழை ஓய்ந்த முதல் இரண்டு நாள் டிராக்டரை அந்தத் தடத்தில் விடாமல் இருந்தாலே பாதிப் பள்ளம் தவிரும்.

டிஃபரன்ஷியல் தட்டும் வண்டிக்கு இதுதான் மலிவான வழி. உரம் இறக்க வரும் வண்டிக்கும், விளைச்சல் ஏற்ற வரும் லாரிக்கும், அவசரத்துக்கு வரும் ஆம்புலன்ஸுக்கும் இந்தத் தடமே பயன்படும். எனவே தடத்தைச் சரிசெய்து, தளர்ந்த ஸ்பிரிங்கை மீட்டு, ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அடிதட்டினால் மட்டும் மேற்கொண்டு உயர்த்துவதைப் பற்றி யோசியுங்கள்.