புயல் எச்சரிக்கைக் கூண்டு

புயல் எச்சரிக்கைக் கூண்டு என்பது புயல் குறித்த அறிவிப்பைத் துறைமுகக் கம்பத்தின் உச்சியில் அனைவரும் காணும்படி ஏற்றிவைக்கும் குறியீடு ஆகும். இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள பாம்பன் துறைமுகம் இக்கூண்டு ஏற்றப்படும் இடங்களுள் ஒன்று. வானொலி அறிவிப்பு ஒலித்தவுடன் மறைந்துவிடும். கூண்டோ, வேறு எண் ஏற்றப்படும் வரை அல்லது இறக்கப்படும் வரை கம்பத்திலேயே இருக்கும்.

வரலாறு

இந்தியத் துறைமுகங்கள் அனைத்திற்கும் பொதுவான எச்சரிக்கை முறை 1898 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிறு மாற்றங்களுடன் அதுவே இன்றும் பின்பற்றப்படுகின்றது.

செயல்படும் முறை

வானிலை ஆய்வு மையம் அனுப்பும் எச்சரிக்கையின்படி துறைமுக அலுவலர்கள் கூண்டை ஏற்றுவர். பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் பயன்படுகின்றன.

எண்களும் பொருளும்

* 1, 2: தொலைதூர எச்சரிக்கை. தொலைவில் புயல் உருவாகக்கூடும் (1) அல்லது உருவாகிவிட்டது (2).
* 3, 4: உள்ளூர் எச்சரிக்கை. துறைமுகத்தைப் பலத்த காற்று (3) அல்லது புயல் (4) தாக்கக்கூடும்.
* 5, 6, 7: அபாயம். புயற்பாதைக்கு இடப்புறம் (5) அல்லது வலப்புறம் (6) துறைமுகம் அமையும். அல்லது துறைமுகத்தின் மீதோ அருகிலோ புயல் கடக்கும் (7).
* 8, 9, 10: பெரும் அபாயம். அதே வரிசையில், கடும் புயலுக்கு உரியவை.
* 11: எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அற்றுவிட்டது.

ஆகவே எண் கூடுந்தோறும் காற்றின் வேகமும் கூடும் என்று கொள்வது சரியன்று. 5, 6 ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாடு புயற்பாதையைப் பொறுத்ததே. மேற்கு நோக்கி நகரும் புயல் பாம்பனுக்கு வடக்கே கடந்தால் துறைமுகம் அதன் இடப்புறத்திலும், தெற்கே கடந்தால் வலப்புறத்திலும் அமையும்.

மீனவர்களும் கூண்டும்

கூண்டின் எண் துறைமுகத்திற்கு உள்ள ஆபத்தையே குறிக்கின்றது; நடுக்கடலில் உள்ள படகிற்கு உள்ள ஆபத்தை அன்று. கம்பத்தில் 1 ஆம் எண் மட்டும் இருக்கும்போதும் தொலைவில் கடல் கொந்தளிப்பாக இருக்கக்கூடும். இதனால் இராமேசுவரத்தில் விசைப்படகுகளுக்கான அனுமதிச் சீட்டு வழங்குவதை மீன்வளத்துறை வானிலை எச்சரிக்கையின் அடிப்படையில் நிறுத்திவைக்கும். மீனவர்கள் கூண்டுடன் வானிலை அறிக்கையையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

1964 புயல்

1964 திசம்பர் 22 இரவு தாக்கிய புயலில் தனுசுக்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் தொடர்வண்டி கடலலையில் சிக்கியது. பாம்பன் பாலமும் சேதமடைந்தது. தகவல் தொடர்பு துண்டிக்கப்படுவதையே 11 ஆம் எண் தனியொரு எச்சரிக்கையாகக் கொள்வதன் காரணம் இத்தகைய புயல்களில் விளங்கும்: செய்தி வராமை, ஆபத்து இல்லாமை ஆகாது.