விதைநெல்லும் ஒரு கையெழுத்தும்

மாயவரம் பக்கம் அறுவடையில் நல்ல நெல்லாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பார்கள். மிஞ்சினால் பக்கத்து ஊர்க்காரர் வாங்கிப் போவார். பில் கிடையாது, ராயல்டி கிடையாது. இந்தப் பழக்கத்துக்கு ஒரு கண்டம் வந்தது... 1994 ஏப்ரல் 15-ம் தேதி, மொராக்கோவின் மராகேஷ் நகரில்!

உலக வர்த்தக அமைப்பை உருவாக்கும் ஒப்பந்தத்தில் அன்று இந்தியா சார்பில் கையெழுத்துப் போட்டவர் வர்த்தக அமைச்சர் பிரணாப் முகர்ஜி. புதுப் பயிர் ரகங்களுக்குப் பாதுகாப்பு தரவேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. காப்புரிமை கொடுக்கலாம், இல்லையென்றால் 'சுயி ஜெனரிஸ்' முறை கொண்டுவரலாம். பி.காம். படித்த எனக்கு அந்த வார்த்தை வாயில் நுழையவே ஒரு வாரம் ஆனது. நம்ம நாட்டுக்கென்று தனியாக ஒரு சட்டம் போட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

சரி, நாடாளுமன்றம் இதற்கு ஓட்டுப் போட்டதா? இல்லை. டங்கல் வரைவு பற்றிக் காரசாரமாகப் பேசினார்கள். ஐ.கே.குஜ்ரால் தலைமையிலான நிலைக்குழு 1993-ல் அதை அலசி அறிக்கையும் கொடுத்தது. ஆனால், வெளிநாட்டு ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயம் என்று நம் அரசியல் சட்டம் சொல்லவில்லை. அமெரிக்காவில் இதே ஒப்பந்தம் 1994 கடைசியில் இரண்டு சபைகளிலும் ஓட்டுக்கு வந்தது. இங்கே மயிலாடுதுறை எம்.பி.யாக இருந்தாலும் சரி, மதுரை எம்.பி.யாக இருந்தாலும் சரி, வேலை வருவது கையெழுத்துக்குப் பிறகுதான். அதுவும் உள்ளூர்ச் சட்டத்தை மாற்றவேண்டி வந்தால்!

விதைநெல் தப்பித்தது அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான். 1999-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மசோதாவின் தலைப்பில் 'விவசாயிகள் உரிமை' இருந்தது. உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. மசோதா சாகிப் சிங் வர்மா தலைமையிலான இரு சபைக் கூட்டுக்குழுவுக்குப் போனது. அங்கே விவசாயிகள் உரிமைக்கென்று தனி அத்தியாயமே சேர்த்தார்கள். 2001-ல் சட்டமானது. கம்பெனி பதிவு செய்த ரகமாகவே இருக்கட்டும்... விவசாயி அதன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது 39-வது பிரிவு. பிராண்ட் பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

2019-ல் இதற்கு ஒரு சோதனை வந்தது. சிப்ஸுக்கான தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகச் சொல்லி, குஜராத் விவசாயிகள் நாலு பேரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது பெப்சிகோ. விவசாயிகள் தரப்பு கையில் எடுத்தது இதே 39-வது பிரிவை. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்ப, மே மாதம் கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கியது.

கையெழுத்து வழக்கம் மட்டும் மாறவில்லை. 2024 மார்ச்சில் சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் நாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டோம். அப்போதும் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு கிடையாது.